எலியைப் பிழைக்கவைத்த ஹார்மோன் மருந்து மனிதருக்கு ஏன் வந்து சேரவில்லை?

கடும் இரத்தப்போக்கால் வரும் அதிர்ச்சிக்கு (மன அதிர்ச்சியல்ல, அழுத்தம் விழுந்து உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலை) ஹார்மோன் மருந்துகளை விலங்குகளில் சோதிப்பது வீண் வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். எலிகள் பிழைத்துக்கொண்டதாக எங்கோ படித்துவிட்டு, அந்த மருந்து ஏன் இன்னும் அவசரப் பிரிவுக்கு வரவில்லை என்று சலித்துப்போயிருப்பீர்கள் என நினைக்கிறேன்.

இத்தகைய சோதனைகள் நடந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் சில காலம் பணியாற்றினேன். மயக்க மருந்து கொடுத்த எலியின் தமனியில் குழாய் செருகி, சராசரி இரத்த அழுத்தம் 40 மி.மீ. அளவுக்கு இறங்கும்வரை இரத்தத்தை எடுத்து, குறித்த நேரம் அதே நிலையில் நிறுத்திவைத்து, பிறகு திரவமும் மருந்தும் ஏற்றுவோம். எண்கள் ஒழுங்காக வரும் என்பதே இம்முறையின் சிறப்பு. விபத்தில் அடிபட்டவருக்கோ இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும், அழுத்தத்தை உயர்த்தும் மருந்தே கசிவைக் கூட்டவும் கூடும்.

அங்கே ஆண் எலிகளை மட்டுமே வாங்க வேண்டும், பெண் எலிகளின் ஹார்மோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பிவிடும் என்பது மேலிருந்தவர்களின் பிடிவாதம். நாங்கள் சோதித்ததோ பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜன்! அந்த ஹார்மோன் மிகுந்திருக்கும் கட்டத்தில் பெண் எலிகள் அதே இழப்பை ஆண் எலிகளைவிட நன்றாகத் தாங்குகின்றன என்ற கவனிப்பிலிருந்துதான் இந்த மருந்து யோசனையே பிறந்தது. இதைக் கூட்டத்தில் நான் சொன்னபோது, திட்டத்திற்கு அப்பாற்பட்ட கருத்து என்று குறித்துக்கொண்டார்கள். அந்தச் சொல் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

விலங்கு வதைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எந்த விலங்கு, எந்த நேரத்தில் மருந்து என்பதைப் பார்க்காமல் பிழைத்த எண்ணிக்கையை மட்டும் கொண்டாடுவதைத்தான் குறை சொல்கிறேன். இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும் ஹார்மோனான வாசோபிரெசினையே எடுத்துக்கொள்ளுங்கள்: மனித உடலில் சுரக்கும் வகையில் எட்டாவது அமினோ அமிலம் ஆர்ஜினின், பன்றியில் லைசின். ஆகவே பன்றிக்குப் பொருந்திய அளவை அப்படியே மனிதருக்கு மாற்ற இயலாது.

ஆயினும் அதே ஹார்மோன்தான் சோதனைகளின் பயனையும் காட்டுகிறது. அதிர்ச்சியின் தொடக்கத்தில் ஏறும் வாசோபிரெசின், நேரம் நீடித்தால் வெகுவாகக் குறைந்துவிடுவதும், அந்நிலையில் அதைச் செலுத்தினால் வேறெதற்கும் அசையாத அழுத்தம் மீள்வதும் நாய்களில் காணப்பட்டன. பின்னர் காயமுற்று அதிர்ச்சிக்குள்ளான 100 நோயாளிகளில் குறைந்த அளவில் இதைச் சோதித்து, 2019இல் முடிவு வெளியிட்டார்கள்: ஏற்ற வேண்டியிருந்த இரத்தப் பொருட்களின் இடைநிலை அளவு, இதைப் பெறாத பிரிவில் 2.9 லிட்டராகவும் பெற்ற பிரிவில் 1.4 லிட்டராகவும் இருந்தது. இறப்பு மட்டும் இரு பிரிவிலும் 12 விழுக்காடுதான்.