வாசகர் கேள்வி பதில்: எந்த வால்வை யார் மூடலாம், யார் திறக்கலாம்?

குளியலறைச் சுவருக்குள் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டியது. தெருவோரம் மீட்டர் பக்கத்தில் இருக்கும் வால்வை அரும்பாடுபட்டு மூடினோம். அப்படியும் தண்ணீர் நிற்கவில்லை. ஏன்?

மொட்டைமாடியில் தொட்டி இருக்கும் வீடு என்று நினைக்கிறோம். அப்படியானால் நீங்கள் மூடியது தொட்டிக்கு வரும் தண்ணீரை மட்டுமே. தொட்டியில் இருப்பது முழுவதும் உங்கள் சுவருக்குள் இறங்கித்தான் தீரும். மூட வேண்டியது தொட்டியிலிருந்து கீழே இறங்கும் குழாயின் வால்வு. தொட்டியில் இரண்டு, மூன்று இறக்கங்கள் இருந்தால் எது குளியலறைக்கு, எது சமையலறைக்கு என்று பெயின்ட்டால் எழுதிவையுங்கள். பதற்றத்தில் நினைவு உதவாது.

அரும்பாடுபட்டு மூடினோம் என்கிறீர்களே, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். சக்கரம் போன்ற பிடி இருந்தால் அது கேட் வால்வு. உள்ளே ஒரு தகடு மரை வழியாக ஏறி இறங்கும். ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடந்தால் மரையில் உப்பும் துருவும் படிந்து இறுகிவிடும். அப்போது ஸ்பானர் போட்டு முறுக்கினால் பிடியையும் தகட்டையும் இணைக்கும் தண்டான ஸ்பிண்டில் முறிந்து பிடி கையோடு வந்துவிடும், தகடு பாதியில் நின்றுபோகும். அதன்பின் வால்வை மாற்றுவதைத் தவிர வழியில்லை. இறுகியதைக் கையால் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி ஆட்டித்தான் இளக்க வேண்டும். இளகியபின் ஸ்பிண்டில் கழுத்தில் சொட்டினால் அங்குள்ள கிளாண்ட் நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கினால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுக்க மூடித் திறந்து, கடைசியில் கால் சுற்று பின்னுக்குத் திருப்பி விட்டால் வால்வு இறுகாது.

மாற்றுவதாக இருந்தால் பால் வால்வு போடுங்கள். கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் திறப்பு, குறுக்காக இருந்தால் மூடல், கால் திருப்பில் வேலை முடியும். படாரென்று மட்டும் மூடாதீர்கள். ஓடும் தண்ணீர் திடீரென நின்றால் குழாய்க்குள் அடிக்கும் அடியில் பழைய இணைப்புகள் விட்டுப்போகும்.

தண்ணீரை நிறுத்தும்போதே கீசர் ஸ்விட்சையும் அணையுங்கள். கீசருக்குள் தண்ணீர் காலியாகி எலிமென்ட் வெறுமையில் சூடேறினால் எரிந்துபோகும். மீட்டருக்கு முன்னால் தெருப்பக்கம் உள்ள வால்வு பெரும்பாலான நகரங்களில் குடிநீர் வழங்குபவர்களின் உடைமை. அதைத் தொடவும், மீட்டர் சீலை உடைக்கவும் நமக்கு அனுமதி இல்லை. அவர்களின் அவசர எண்ணையும் உங்கள் இணைப்பு எண்ணையும் மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

குழாய் வழியாக வரும் கேஸ். வாசனை அடித்ததும் மீட்டர் வால்வை மூடிவிட்டோம். இப்போது வாசனை இல்லை. நாங்களே திறந்துகொள்ளலாமா?

கூடாது. மூடுவது உங்கள் கடமை, திறப்பது கேஸ் நிறுவனத்தின் பொறுப்பு. வால்வை மூடியதும் எரிந்துகொண்டிருந்த சுடரெல்லாம் அணைந்திருக்கும். ஏதாவது ஒரு குமிழ் திறந்திருந்தால், திரும்பத் திறந்த கணத்திலிருந்து அங்கே எரியாத கேஸ் கொட்டும். கசிவு எங்கே என்று கண்டுபிடித்து, அழுத்தச் சோதனை செய்து, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, ஒவ்வொரு அடுப்பாகப் பற்றவைத்துப் பார்த்த பின்தான் இணைப்பு தருவார்கள்.

அடுத்த முறை வாசனை வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி எழும். பக்கத்து வீட்டுக் காலிங் பெல்லும் அப்படித்தான், கதவைத் தட்டுங்கள். லிஃப்ட் வேண்டாம். வெளியே போய்ப் பாதுகாப்பான தூரத்தில் நின்று போன் செய்யுங்கள். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, கூரைப் பக்கம் சேரும். சிலிண்டர் கேஸ் கனமானது, தரையிலும் சாக்கடைத் துளையிலும் தங்கும். அதனால் சிலிண்டர் வீட்டில் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, தரைமட்டக் கதவும் திறக்க வேண்டும். இயற்கை எரிவாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும். சிலிண்டர் கேஸுக்கு ஏறத்தாழ 2 சதவீதமே போதும்.

மேல் வீட்டில் ஆளில்லை, பூட்டியிருக்கிறது. எங்கள் கூரையிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது. கட்டடத்தின் பொது வால்வை நானே மூடலாமா?

அந்த நேரத்தில் தண்ணீரை நிறுத்துவது நியாயம்தான். ஆனால் பொது வால்வை மூடினால் அந்த வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும். சங்கத்துக்கும் அந்த வீடுகளுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு மூடினீர்கள் என்று எழுதிவையுங்கள், ஒழுகலைப் படமெடுத்து வையுங்கள். சிவப்பு வண்ணம் அடித்த தீயணைப்புக் குழாயின் வால்வை மட்டும் தண்ணீர்க் குழாய் என்று நினைத்துத் தொட்டுவிடாதீர்கள்.

பூட்டை உடைப்பது வேறு விஷயம், அத்துமீறலாகிவிடலாம். அவசரத்தில் யார், எத்தனை சாட்சியோடு நுழையலாம் என்று சங்க விதியில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வழி, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வால்வை வீட்டுக்கு வெளியே, பொது நடையில் வைப்பது.

மின்சாரம் திரும்பி வந்ததும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன் வரும்வரை ஜெனரேட்டரை ஒரு பிளக்கில் செருகி வீட்டுக்கு விடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

ஜெனரேட்டர் யோசனையை இப்போதே கைவிடுங்கள். சுவர் பிளக் வழியாகச் செலுத்தும் மின்சாரம் உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. மீட்டரைத் தாண்டி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய், அங்கே தலைகீழாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயரும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடும் ஊழியரின் உயிர் போகும். வெளி மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைக்கவே கூடாது. ஜெனரேட்டர் கக்கும் கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு, அதற்கு வாசனையும் கிடையாது. பால்கனி, படிக்கட்டடி இரண்டும் ஆகாது. ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்தவெளியில் வையுங்கள்.

இனி ஆர்சிசிபி. வீடுகளில் இருப்பது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் வகை. தரை ஈரமாக இருந்தால் போர்டு பக்கம் போகாதீர்கள். உலர்ந்திருந்தால் போர்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ள சிறு ஸ்விட்சான எம்சிபி எல்லாவற்றையும் கீழே தள்ளி, எல்லாப் பிளக்கையும் உருவுங்கள். உருவுவதுதான் முக்கியம். பல போர்டுகளில் எம்சிபி மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கும், திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி வழியான கசிவு அப்படியே இருந்து மறுபடி விழவைக்கும். பிறகு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக, அதன்பின் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அங்கேதான் கோளாறு. கீசர் எலிமென்ட், வாஷிங் மெஷின், மழையில் நனைந்த வெளி விளக்கு ஆகிய மூன்றும் முதல் சந்தேகத்துக்குரியவை. எல்லாம் அணைத்தும் விழுந்தால் வயரிங்கில் குறை, எலக்ட்ரீஷியன் வரட்டும். ஆர்சிசிபியைத் தாண்டி நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

ஒன்று கூடுதலாக: மின்சாரம் வந்ததும் சில விளக்குகள் கண்கூச எரிந்து, சில மங்கினால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். உடனே மெயினை அணையுங்கள். ஃப்ரிட்ஜை மின்சாரம் நிலைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். கதவு திறக்காமல் இருந்தால் உள்ளே உள்ள உணவு சுமார் 4 மணி நேரம் தாங்கும்.

பழுது பார்த்து விட்ட தண்ணீர் பழுப்பாக வருகிறது. பயன்படுத்தலாமா?

ஃபில்டர், கீசர் இரண்டின் இணைப்பையும் மூடிவிட்டு, வீட்டின் தாழ்வான குளிர்நீர்க் குழாயை மெதுவாகத் திறந்து, தெளியும்வரை ஓடவிடுங்கள். குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு வந்திருந்தால் நிறம் தெளிந்தாலும் நம்பாதீர்கள். தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் உயரமான ஊர்களில் 3 நிமிடம். பல் துலக்கவும் அந்தத் தண்ணீர்தான்.

வாடகைத் தகராறில் வீட்டுக்காரர் எங்கள் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார். இது அவசர நிறுத்தம் என்கிறார்.

அவசர நிறுத்தம் என்றால் ஒரு பழுது இருக்க வேண்டும், அதைச் சரிசெய்யும் வேலை நடக்க வேண்டும். காலிசெய்ய வைப்பதற்காக இணைப்பைத் துண்டிப்பதைப் பல நாடுகளின் வாடகைச் சட்டங்கள் தடைசெய்கின்றன. என்ன பழுது, எப்போது முடியும் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும், கடைசியாகக் கட்டிய பில்லையும் வைத்துக்கொண்டு வாடகை அதிகாரியிடம் புகார் கொடுங்கள். நீங்களே போர்டைத் திறந்து இணைத்துக்கொள்ளாதீர்கள், குற்றம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். வீட்டில் ஆக்சிஜன் கருவி போன்ற ஏதாவது ஓடுகிறது என்றால் மின் அலுவலகத்தில் அதை இன்றே பதிவுசெய்ய முடியுமா என்று கேளுங்கள். சில நகரங்களில் அப்படிப்பட்ட வீடுகளுக்கு முன்னறிவிப்பும் முன்னுரிமையும் உண்டு.