மூன்று ரிப்போர்ட்டும் நார்மல், முடி மட்டும் கொட்டுகிறது

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 37 வயது. பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒன்றரை வருடமாக உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை. காலையில் எழும்போதே ஒரு நாள் வேலையை முடித்தவள் மாதிரி இருக்கிறது. மாடி வகுப்புக்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஜூன் மாதத்தில்கூட ஸ்டாஃப் ரூமில் ஃபேனை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுகிறேன். எடை 58-லிருந்து 63. சீப்பில் கொத்துக்கொத்தாக முடி. மாதவிலக்கு ஏழெட்டு நாள் போகிறது. அம்மாவுக்கும் சித்திக்கும் தைராய்டு உண்டு, இருவரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். இரண்டாவது பையன் பிறந்த நாலாம் மாதம் எனக்குப் படபடப்பு வந்து தானாகவே சரியானது. இரண்டு வருடம் தாய்ப்பால் கொடுத்தேன். அவனுக்கு இப்போது ஐந்து வயது.

மூன்று முறை டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தச் சோதனை) பார்த்துவிட்டேன். ஜனவரியில் 4.1, ஏப்ரலில் 2.3, ஆகஸ்டில் 0.8. மூன்றுமே நார்மலாம். "உங்களுக்கு ஒன்றும் இல்லை, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அதே பேச்சுதான். ஹாஷிமோட்டோ என்று ஒரு நோய் இருக்கிறது, அதில் ரிப்போர்ட் நார்மலாகவே வரும் என்று படித்தேன். உண்மையா? அம்மாவின் 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையில் பாதியைப் போட்டுப் பார்க்கலாமா? முட்டைக்கோஸை நிறுத்திவிட்டேன், சமையலுக்கு இந்துப்பு வாங்குகிறேன். ரிப்போர்ட் நகல்களும் நான் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் இத்துடன் இருக்கின்றன.

- பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: நகல்களைச் சேர்த்து அனுப்பினீர்களே டீச்சர், அதற்கே உங்களுக்கு நூற்றுக்கு நூறு. பெரும்பாலானவர்கள் எண்ணை மட்டும் எழுதுவார்கள். எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தார்கள், அன்று காலை என்ன மாத்திரை போட்டார்கள் என்பதெல்லாம் வராது. உங்கள் விஷயத்தில் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த மூன்று எண்கள். ஜனவரி ரத்தம் காலை 7.10-க்கு, வெறும் வயிற்றில் எடுத்தது. ஏப்ரலில் எடுத்தது மாலை 5.05-க்கு, பள்ளி விட்டு வரும் வழியில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். டி.எஸ்.எச். நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. நள்ளிரவு தாண்டி உச்சத்துக்குப் போகும், பிற்பகலில் இறங்கும், சாப்பிட்டாலும் கொஞ்சம் இறங்கும். எனவே 4.1 என்பது 2.3 ஆனதால் சுரப்பி குணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் ஒரே சுரப்பியின் இரண்டு வேளைக் கணக்காக இருக்கலாம்.

ஆகஸ்ட் மாதத்து 0.8-ஐ நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பட்டியலில் நான்காவதாக, முடிக்காக ஜூலையிலிருந்து ஒரு மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின். ரத்தம் கொடுத்த அன்று காலையிலும் போட்டிருக்கிறீர்கள். பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனைப் பிடித்து இழுக்க அதே பயோட்டினைத்தான் கொக்கியாக வைத்திருக்கின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைய மிதந்தால் கொக்கி அதில் மாட்டிக்கொள்ளும், டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அதற்கு நேர்மாறாக, கூடுதலாகக் காட்டும். ஒன்றுமே இல்லாத ஆளுக்கு ஓவர் தைராய்டு என்று ரிப்போர்ட் வந்து, வீட்டில் அழுகை நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டது. நம் ஊரில் ரத்தம் எடுப்பவர் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார், "முடிக்கு மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்பதில்லை.

சரி, ஹாஷிமோட்டோவுக்கு வருவோம். ஹகாரு ஹாஷிமோட்டோ ஜப்பானிய அறுவை மருத்துவர். 1912-ல், நான்கு பெண்களிடமிருந்து வெட்டியெடுத்த தைராய்டுச் சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றுக்குள் வெள்ளை அணுக்கள் புகுந்து குடியேறியிருப்பதை எழுதிவைத்தார். நம் உடம்பின் காவல்படையே நம் சுரப்பியைத் தாக்குகிறது என்பதற்கு ரத்தத்தில் சாட்சி கிடைத்தது 1956-ல், லண்டனில். அந்தச் சாட்சிகளில் இன்று நாம் அதிகம் தேடுவது ஆன்ட்டி டி.பி.ஓ. என்ற எதிரணு (ஆன்டிபாடி).

தாக்குதல் தொடங்கிய அன்றே சுரப்பி படுத்துவிடாது. வருடக்கணக்கில் ஈடுகொடுக்கும். அந்த வருடங்களில் டி.எஸ்.எச். நார்மலாகத்தான் இருக்கும். ஆக, நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அதற்கடுத்த வரியை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை: டி.எஸ்.எச்.சும் டி4-உம் சரியாக இருக்கும்வரை உடம்புக்குத் தேவையான ஹார்மோன் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. மாடிப்படியில் மூச்சு வாங்குவதற்கு அந்த எதிரணுவைக் காரணமாகச் சொல்வது கஷ்டம்.

அதற்காக அந்தச் சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா, சித்தி, பிரசவத்துக்குப் பின் வந்து போன படபடப்பு என்று மூன்றும் சேர்கின்றன. அந்தப் படபடப்பு பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சியாக இருந்திருக்கலாம். சில மாதம் ஹார்மோன் கூடும், அப்புறம் குறையும், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். ஆனால் அது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சுரப்பி சோர்ந்துபோகும் வாய்ப்பு அதிகம். எனவே ஒரு முறை ஆன்ட்டி டி.பி.ஓ. பாருங்கள். ஒரே முறை போதும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதன் எண்ணைத் துரத்துவதில் பயனில்லை. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 1972-ல் ஓர் ஆய்வைத் தொடங்கி, அதே மக்களை இருபது வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். டி.எஸ்.எச். சரியாக இருந்து எதிரணு மட்டும் இருந்த பெண்களில், வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் தைராய்டு குறைபாட்டுக்குப் போனார்கள். எதிரணு இருந்தால் வருடம் ஒருமுறை டி.எஸ்.எச்., அவ்வளவுதான். மறுபடி கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் முன்னாலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் பாதி மாத்திரை? கூடாது. இதை நான் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்வதற்கு ஒரு கதை உண்டு.

நான் படிப்பு முடித்து ஓபியில் உட்கார்ந்த புதிது. ஒரு அம்மா வந்தார், முப்பது வயதிருக்கும், மெழுகு மாதிரி வெளுத்த முகம். சோர்வு, குளிர், தூக்கம். டி.எஸ்.எச். பார்த்தேன், 2.6. "எல்லாம் நார்மல்மா, சத்தா சாப்பிடுங்க" என்று அனுப்பினேன். உங்களை அனுப்பியவர்களைப் போலத்தான். இரண்டு மாதம் கழித்து, வாந்தியும் மயக்கமுமாக அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று பணியில் இருந்த சீனியர் மேடம் கேட்ட முதல் கேள்வி, "குழந்தை பிறந்தப்போ ரத்தம் நிறைய போச்சா?" போயிருந்தது. அப்புறம் பால் சுரக்கவே இல்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. ஆறு வருடமாக அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்கள் பள்ளிக்கூட பாஷையில் சொன்னால், டி.எஸ்.எச். என்பது தலைமையாசிரியர் போடும் சத்தம். வகுப்பில் (தைராய்டில்) வேலை நடக்காவிட்டால் சத்தம் கூடும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அந்தத் தலைமையாசிரியர். பிரசவத்தில் அதிக ரத்தம் போனால் அதுவே செயலிழந்துவிடலாம். ஷீஹன் நோய் என்பார்கள். அப்போது வகுப்பு கலைந்து கிடந்தாலும் சத்தம் எழாது, டி.எஸ்.எச். நார்மலாகவே காட்டும். டி4 பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அந்த அம்மாவுக்கு டி4 தரைமட்டத்தில் இருந்தது. அட்ரினல் சுரப்பியை வேலை வாங்குவதும் அதே பிட்யூட்டரிதான் என்பதால் அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசாலும் இல்லை. இந்த நிலையில் கார்ட்டிசாலை ஈடுகட்டும் ஸ்டீராய்டு கொடுக்காமல் தைராய்டு மாத்திரையை முதலில் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அவர் வீட்டில் யாராவது பாதி மாத்திரை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருடம் பால் கொடுத்து, மாதவிலக்கும் வருகிற உங்களுக்கு அது இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்த நாளிலிருந்து, இப்படிச் சோர்ந்து வருகிறவர்களுக்கு டி.எஸ்.எச்.சுடன் ஃப்ரீ டி4-உம் சேர்த்தே எழுதுகிறேன். இன்னொன்று: உங்களைப் போலவே அறிகுறி இருந்து ரிப்போர்ட் நார்மலாக இருந்தவர்களுக்கு, தைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரையையும் வெற்று மாத்திரையையும் எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வெற்று மாத்திரையைவிடத் தைராக்ஸின் ஒன்றும் அதிகமாகச் சாதிக்கவில்லை.

இப்போது எனக்கு உண்மையில் உறுத்துகிற இடம். ஏப்ரல் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம், கீழே. ஹீமோகுளோபின் 11.2, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 74. பக்கத்தில் யாரோ பேனாவால் 'ஓகே' என்று டிக் அடித்திருக்கிறார்கள். இதில் என்ன ஓகே? பெண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 74 என்றால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போயிருக்கின்றன. ஏழெட்டு நாள் மாதவிலக்கையும் சேர்த்துப் பார்த்தால் இரும்புச்சத்துக் குறைவு என்றுதான் என் கை எழுதும். சோர்வு, மூச்சு வாங்குவது, குளிர், முடி கொட்டுவது எல்லாம் அதிலும் வரும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பாதிக்கு மேல் இருப்பதாலோ என்னவோ நாமும் அதை 'ஓகே' ஆக்கிவிட்டோம். ஐந்து கிலோ எடையை மட்டும் நான் இரும்பின் தலையிலும் கட்டமாட்டேன், தைராய்டின் தலையிலும் கட்டமாட்டேன். மூச்சு வாங்குகிறவர் நடப்பதைக் குறைத்துக்கொள்வார், எடை ஏறும்.

எனவே முடி மாத்திரையை ஒரு வாரம் நிறுத்துங்கள். அப்புறம் ஒரு நாள் காலை, வெறும் வயிற்றில், முதல் முறை எடுத்த அதே ஆய்வகத்தில் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஆன்ட்டி டி.பி.ஓ., ரத்த அணுக்கள், ஃபெரிட்டின், பி12, சர்க்கரை பாருங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்புக் கணக்கு. ஆய்வகத் தாளில் 'நார்மல்' என்றே போட்டிருந்தாலும், 30-க்குக் கீழே இருந்தால் நான் குறைவு என்றே எடுத்துக்கொள்வேன். அது நன்றாக இருந்து எம்.சி.வி. மட்டும் குறைவாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்த நிலையில் இரும்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருப்பதும் தப்பு. மகப்பேறு மருத்துவரிடம் போய்க் கர்ப்பப்பையை ஒரு ஸ்கேன் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றி என்ன செய்ய?

முட்டைக்கோஸ் பாவம், அதை விட்டுவிடுங்கள். வேகவைத்து நாம் சாப்பிடுகிற அளவில் அது தைராய்டை ஒன்றும் செய்யாது. இந்துப்பு விஷயத்தில்தான் எனக்குக் கோபம். தைராய்டுக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் பெரும்பாலான பாக்கெட்டுகளில் அயோடின் சேர்ப்பதில்லை. தைராய்டு ஹார்மோனே அயோடினில்தான் ஆனது. பழைய அயோடின் உப்பையே திரும்ப வாங்குங்கள். ஸ்டாஃப் ரூமில் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு டீ குடிப்பீர்களே, அதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் அது தடுத்துவிடும்.