கூரைத் துடுப்புகள் மைலேஜ் தருமா?

கேள்வி: என்னிடம் செடான் வகைக் கார் இருக்கிறது. கூரையின் பின்விளிம்பில் முக்கோண வடிவச் சிறு பிளாஸ்டிக் துடுப்புகளை வரிசையாக ஒட்டினால் காற்றுத் தடை குறைந்து மைலேஜ் கூடும் என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மைலேஜுக்காக என்றால் வேண்டாம். ஆயினும் கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் எனப்படும் இத்துடுப்புகள் விமான இறக்கைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை. மிட்சுபிஷி நிறுவனம் தனது லான்சர் எவல்யூஷன் காருக்காக இவற்றை ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டது.

கூரையை ஒட்டிச் செல்லும் காற்று உராய்வினால் வேகம் குன்றியிருக்கும். கூரை பின்கண்ணாடியை நோக்கிச் சரியும் இடத்தில், காற்று செல்லும் திசையிலேயே அழுத்தம் கூடிக்கொண்டு போவதால், வலுவிழந்த அந்த அடுக்கு மேற்கொண்டு நகர முடியாமல் பரப்பை விட்டு விலகிவிடுகிறது. அங்கே உண்டாகும் தாழ்வழுத்தம் காரைப் பின்னுக்கு இழுக்கிறது. விலகும் இடத்துக்குச் சற்று முன்னால் நிற்கும் துடுப்பு, சிறு சுழல்களை உண்டாக்கி, மேலே விரையும் காற்றைக் கீழே இறக்கிக் கலப்பதால், காற்று கண்ணாடியின் மீது இன்னும் சிறிது தூரம் படிந்து செல்கிறது.

மிட்சுபிஷியின் காரில் அந்த மெதுவான அடுக்கின் தடிமன் ஏறத்தாழ 30 மி.மீ.; அதற்கு உகந்த துடுப்பின் உயரம் 15 முதல் 25 மி.மீ.; நிறுத்த வேண்டிய இடம் விலகும் புள்ளிக்குச் சுமார் 100 மி.மீ. முன்னால். காற்றை வீசிக் காரைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் இவ்வளவு அளவெடுத்து வைத்தும், இழுவைக் குணகம் (காரின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்) குறைந்தது 0.006 மட்டுமே. துடுப்பும் காற்றை மறிக்கும் பொருள்தானே! குணகம் 0.30 உள்ள காருக்கு இது 2 சதவீதம். எரிபொருளில் கிடைப்பது அதைவிடவும் குறைவு. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது என்பதால், அவினாசி சாலை நெரிசலில் இந்த ஆதாயம் தென்படவே தென்படாது. கூரை செங்குத்தாக முடியும் ஹேட்ச்பேக் கார்களில் காற்று விளிம்பிலேயே விலகிவிடுவதால், அங்கே துடுப்பு அலங்காரம்தான்.

வாங்கியே தீர்வதென்றால், முதலில் பின்கண்ணாடி முழுவதும் கம்பளி நூல் துண்டுகளை டேப்பால் ஒட்டி, நெடுஞ்சாலையில் செல்லும்போது அந்த நூல்களைக் கண்ணாடி வழியே படம் பிடிக்குமாறு பின்இருக்கையில் இருப்பவரிடம் சொல்லுங்கள். நூல்கள் பின்னோக்கிப் படிந்தே கிடந்தால் காற்று விலகவில்லை என்று பொருள். துடுப்புக்கு அங்கே வேலையில்லை. துள்ளியும் முன்னோக்கித் திரும்பியும் ஆடினால் மட்டும், டபுள் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, மீண்டும் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.