படைவீரரின் பிள்ளைக்கு மட்டும் தனிக் கட்டுப்பணமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மூத்த மகன் அமெரிக்க இராணுவத்தில் பதினேழு வருடங்களாக இருக்கிறான். அவனுடைய மகளுக்கு 22 வயது. மே மாதம் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருக்கிறாள். அவளுக்கு ஆஸ்துமா உண்டு. படிப்பு முடிந்ததும் இராணுவக் காப்புறுதியும் முடிந்துவிட்டது என்கிறாள். அமெரிக்காவில் ஒரு தனியார் கம்பனியில் வேலை செய்யும் என் மகளின் மகனுக்கும் இதே வயதுதான். அவன் 26 வயது வரை தாயின் காப்புறுதியில் இருக்கலாமாம். இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் ஏன் இந்த வித்தியாசம்? என் ஓய்வூதியத்திலிருந்து பேத்திக்குக் கட்ட முடியுமா? பாட்டி வேறு அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்.
— ஒரு தாத்தா, வெள்ளவத்தை

பதில்: ஐயா, நான் கோட்டையில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கவுண்டரில் 29 வருடங்கள் உட்கார்ந்திருந்தவள். 'உங்கள் பிள்ளை வயதெல்லையைத் தாண்டிவிட்டார்' என்ற கடிதத்தை எத்தனை குடும்பங்களுக்குத் தட்டச்சு செய்து அனுப்பியிருப்பேனோ, கணக்கில்லை. என் மகனுக்கு 21 வயது முடிந்து பதினோராம் நாள் குடல்வால் வீங்கியபோதுதான், அவனுடைய கடிதத்தையும் நானே மேசை இழுப்பறையில் போட்டு மறந்திருந்தது நினைவுக்கு வந்தது. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. அன்றிலிருந்து பிறந்தநாள் என்றால் எனக்குக் கேக்குக்கு முன்னால் காப்புறுதிதான் ஞாபகம் வருகிறது.

உங்கள் மகளின் மகனுக்குக் கிடைப்பது, ஒபாமா 2010 மார்ச்சில் கையெழுத்திட்ட சுகாதாரச் சட்டத்தின் பலன். பிள்ளைகளைச் சேர்க்கும் காப்புறுதித் திட்டங்கள் அவர்களை 26 வயது வரை வைத்திருக்க வேண்டும் என்று அது சொன்னது. படிக்கிறாரா, மணமானவரா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. ஆனால் படையினரின் குடும்பங்களுக்கான ட்ரைகெயார் காப்புறுதி வேறொரு சட்டத்தின் கீழ் இயங்குவது. அந்த விதி இதைத் தொடவில்லை. அங்கே எல்லை 21 வயது. முழுநேரமாகப் படித்து, செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் தாங்கினால் 23. அதற்கு முன்பே பட்டம் வாங்கினால் பட்டத்தோடு முடிந்தது. உங்கள் பேத்திக்கு நேர்ந்தது இதுதான். நன்றாகப் படித்து நேரத்துக்கு முடித்ததற்குக் கிடைத்த பரிசு!

இந்த ஓட்டையை அடைக்க 2011 ஜனவரியில், பாதுகாப்புச் செலவுச் சட்டத்தோடு சேர்த்து, 'ட்ரைகெயார் யங் அடல்ட்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 26 வயது வரை இருக்கலாம். ஆனால் இது தந்தையின் காப்புறுதியின் நீட்சி அல்ல. பிள்ளை தன் பெயரில் தனியாக வாங்க வேண்டியது. திட்டத்தின் முழுச் செலவையும் கட்டுப்பணத்திலேயே ஈடுகட்ட வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டதால், விலை ஏறிக்கொண்டே போகிறது. 2011இல் மாதம் 186 டொலராகத் தொடங்கியது. 2025இல், வைத்தியரை நாமே தெரிவுசெய்யும் 'செலக்ட்' என்ற பிரிவுக்கு 337 டொலர், ஒதுக்கப்பட்ட வைத்தியர் வழியாகப் போகும் 'பிரைம்' என்ற பிரிவுக்கு 727 டொலர். போர்முனைக்குப் போகிறவரின் பிள்ளை தனியாகக் கட்ட, அலுவலகத்தில் இருப்பவரின் பிள்ளை குடும்பக் காப்புறுதியோடு போய்விடுகிறது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். இதைச் சரிசெய்ய அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு முறைக்கு மேல் சட்டமூலம் கொண்டுவந்திருக்கிறார்கள். அதை நம்பிக்கொண்டு இன்ஹேலரை ஒத்திப்போட முடியாது.

ஓய்வூதியத்திலிருந்து கட்டலாமா என்கிறீர்கள். 2025 விலையான 337 டொலரே மாதம் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபா. ஆசிரியர் ஓய்வூதியம் எவ்வளவு என்று எனக்கும் தெரியும், என் கணவரும் ஆசிரியராக இருந்தவர்தான். பணம் வங்கிக் கணக்கிலிருந்தோ அட்டையிலிருந்தோ மாதாமாதம் தானாகக் கழியும்படி செய்யவேண்டும் என்பதால், அதை மகனிடமே விட்டுவிடுங்கள். மகனிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். படையினரின் குடும்பத்தினர் பெயர்கள் இருக்கும் 'டீர்ஸ்' பதிவேட்டில் தன் மகளின் விபரத்தை அவர்தான் சரிபார்க்கவும் வேண்டும்.

பேத்தி கொழும்பில் இருப்பதால் 'செலக்ட்' பிரிவுதான் பொருந்தும். வெளிநாட்டில் 'பிரைம்' வேண்டுமென்றால் பெற்றோரும் பணியின் நிமித்தம் அங்கே இருக்கவேண்டும். முன்பே ஆஸ்துமா இருப்பதால் மறுப்பார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை. பல்லும் கண்ணாடியும் இதில் அடங்கா. இங்கே வைத்தியரிடம் போனால் முதலில் நீங்கள் காசு கட்டுவீர்கள், பிறகு விண்ணப்பித்துத் திரும்பப் பெறுவீர்கள். வெளிநாட்டுச் செலவுக்கு மூன்று வருட அவகாசம் உண்டு. மூன்று வருடம் என்றதும் எல்லோரும் சோம்பிவிடுகிறார்கள், பிறகு பற்றுச்சீட்டின் மை மங்கி எழுத்தே தெரியாமல் போகிறது. காலி வீதி மருந்துக்கடைகளில் தரும் துண்டுச்சீட்டு போதாது. நோயாளியின் பெயர், திகதி, மருந்து, விலை தனித்தனியாகத் தெரியும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அன்றே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பேத்திக்கு வேலை கிடைத்து, அந்த நிறுவனம் காப்புறுதி கொடுக்க முன்வந்தால், இந்தத் திட்டத்துக்குத் தகுதி போய்விடும். அது நல்ல செய்திதான், ஆனால் அதை அவள் உடனே தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக, பாட்டியம்மாவின் விஷயம். மகளின் மகன் நாளைக்கே கல்யாணம் செய்தாலும் தாயின் காப்புறுதியில் தொடரலாம். பேத்திக்கு அது கிடையாது, திருமணமானால் இந்தத் திட்டம் நின்றுவிடும். நம்மவர்கள் முதலில் எழுத்தை, அதாவது திருமணப் பதிவை, முடித்துவிட்டு, தாலி கட்டுவதை ஆறு மாதம் தள்ளி வைப்பார்கள். எழுத்து முடிந்தாலே சட்டத்தின் கண்ணில் அது கல்யாணம். ஆகவே நல்ல வரன் வந்தால் மறுக்க வேண்டாம். எழுத்தை மட்டும் தாலி கட்டும் நாளிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.