‘ஃபர்லார்ன் ஹோப்’: இதில் வரும் ‘ஹோப்’ நம்பிக்கைதானா?

பிறந்தபோது இல்லை. நிறைவேற வாய்ப்பே இல்லாத ஆசை என்று இன்று பொருள்படும் இந்த ஆங்கிலத் தொடருக்கும் நம்பிக்கைக்கும் அன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

டச்சு மொழியின் ‘வெர்லோரன் ஹோப்’ என்பதை 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எடுத்துக்கொண்டார்கள். ‘வெர்லோரன்’ என்றால் இழந்த. ‘ஹோப்’ என்றால் குவியல், கூட்டம். ஆங்கில ‘ஹீப்’பின் உடன்பிறப்பு. ஆக, போனால் போகட்டும் என்று முன்னே அனுப்பப்படும் படைக்கூட்டம். டச்சில் நம்பிக்கைக்கும் அதே எழுத்து, அதே ஒலி என்பதுதான் வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் இதே படையைத் ‘தொலைந்த பிள்ளைகள்’ என்றார்கள்.

பீரங்கியால் கோட்டைச் சுவரில் உடைப்பு விழுந்ததும் முதலில் ஏறுவது இந்தப் படையினரின் வேலை. 1812 ஏப்ரல் 6 இரவு ஸ்பெயினின் படாஹோஸ் கோட்டையைப் பிரிட்டிஷ் படை தாக்கியபோது, அகழியில் போட்டுக் குதிக்கப் புல் மூட்டைகள், சுவரேற ஏணிகள் என்று சுமந்துகொண்டு போனார்கள். பெரும்பாலும் செத்தார்கள். ஆனாலும் இதற்குப் போட்டி இருந்தது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ராணுவத்தில் காலாட்படை, குதிரைப்படை அதிகாரிப் பதவிகளைக் காசு கொடுத்து வாங்கலாம். 1871 வரை இந்த வழக்கம் இருந்தது. கையில் பணமில்லாத லெப்டினன்ட், இந்தப் படையை நடத்திப்போய் உயிரோடு திரும்பினால் செலவில்லாமல் பதவி உயரும். வாய்ப்பு குறைவு, ஆசை விடவில்லை. இன்றைய பொருள் இந்த நிலைமைக்கும் பொருந்துகிறது பாருங்கள்.

இன்று இதற்குத் தமிழில் ‘நப்பாசை’ என்று எழுதுங்கள். “தொலைந்த பர்ஸ் அங்கேயே கிடக்கும் என்ற நப்பாசையில் பேருந்து நிலையத்துக்குத் திரும்பினான்.” அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் ‘கைவிடப்பட்ட நம்பிக்கை’ என்று மாற்றினால் பொருள் தலைகீழாகிவிடும், கைவிட்டிருந்தால் அவன் ஏன் திரும்பிப் போகிறான்? நம்ப இடமில்லாதபோதும் நம்புவதைச் சொல்லும் ‘ஹோப் அகெய்ன்ஸ்ட் ஹோப்’ வேறு. அது பைபிளில் ரோமர் 4:18இல் ஆபிரகாமைப் பற்றி வருவது. அதில் உறுதி தொனிக்கும், நப்பாசையின் இளக்காரம் இருக்காது.

பழைய போர் வரலாறுகளில் மட்டும் கவனம். 1799 மே 4 ஸ்ரீரங்கப்பட்டணத் தாக்குதலைப் பற்றிய ஆங்கில நூல்களில் இந்தத் தொடர் வரும். அங்கே நப்பாசை என்று எழுதினால் வாக்கியமே நிற்காது. உடைப்பில் முதலில் ஏறிய தன்னார்வப் படை என்று விரித்தே எழுத வேண்டும்.