கேம் கேள்வி-பதில்: பாஸிடம் தாக்குப்பிடிப்பது எப்படி?

காரைக்குடி வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான்: வழியை மறிக்கும் பெரிய எதிரியான பாஸ் அடிக்கிற அடி தாங்க முடியவில்லை. நேராகக் கேள்விகளுக்கே போய்விடுகிறேன்.

கே: அண்ணே, ஃபைனல் ஃபேன்டஸி 10-ல் ககஸெட் மலையில் செய்மோர் ஃப்ளக்ஸிடம் மாட்டிக்கொண்டேன். ஈட்டியால் குத்துகிறான். அடுத்து அவனோடு நிற்கும் பூதம் என் ஆளுக்கு ஃபுல்-லைஃப் போடுகிறது, ஆள் காலி. உயிர் கொடுக்கிற மந்திரத்தில் எப்படிச் சாவு வரும்? என் முறை வரும்போதெல்லாம் விடாமல் அடிக்கத்தான் செய்கிறேன்.
– கல்லூரி மாணவர், தேவகோட்டை

ப: தம்பி, சிக்கலே உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது. முறை வந்தால் அடித்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? நம் ஊரில் ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆட்டை வைத்துக்கொண்டு புலியை வெட்ட முடியாது. அது பாயப்போகும் இடத்தை முன்னாலேயே அடைத்தால்தான் பிழைப்பு.

அந்த ஈட்டிக் குத்து உங்கள் ஆளை ஸோம்பி, அதாவது நடைபிணம் ஆக்கிவிடுகிறது. ஸோம்பிக்கு வைத்தியமெல்லாம் விஷம். காயம் ஆற்றும் க்யூர் போட்டால் அடி விழும், விழுந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுன் கொடுத்தால் சாவுதான். ஆகவே குத்து விழுந்ததும் திரையின் வலது மேல் மூலையைப் பாருங்கள். அடுத்து யார், அதற்கடுத்து யார் என்ற வரிசை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். பூதத்தின் முறைக்கு முன்னால் உங்கள் ஆள் ஒருவர் இருந்தால் அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: குத்துப்பட்டவருக்கு ஸோம்பி நிலையைப் போக்கும் ஹோலி வாட்டர். கத்தி, மந்திரம் எதையும் தொடாதீர்கள். நடுவே முறை கிடைக்கவில்லை என்றால் நீங்கள் மெதுவாக ஆடுகிறீர்கள் என்று அர்த்தம். சண்டை தொடங்கியதும் உங்கள் அணியின் டீடஸ் எல்லோருக்கும் வேகம் கூட்டும் ஹேஸ்ட் மந்திரத்தைப் போடட்டும்.

செய்மோருக்கு 70,000 ஹெச்.பி., அதாவது உயிர்ப்புள்ளி. அதை முழுக்க நீங்களே வெட்டிக் கரைக்க வேண்டியதில்லை. அவனுக்கு நஞ்சு ஏறும்! உங்கள் அணியின் மந்திரக்காரி லூலு நஞ்சேற்றும் பயோ கற்றிருந்தால் சண்டை தொடங்கியதுமே போட்டுவிடுங்கள். அவனுக்கு முறை வரும்போதெல்லாம் ஆயிரத்துக்கு மேல் தானாகக் குறையும். ஆறப்போட்டால், பிறகு அவன் தன்மேல் ரிஃப்ளெக்ட் போட்டுக்கொள்வான். அப்புறம் எந்த மந்திரம் போட்டாலும் உங்கள் பக்கமே திரும்பும். அதை நீக்கும் டிஸ்பெல் கைவசம் இருக்கட்டும்.

அப்புறம் எல்லோரையும் ஒருசேர அடிக்கும் டோட்டல் அனைஹிலேஷன். அது சொல்லிக்கொண்டுதான் வரும். அறிவிப்பு வந்ததும் உங்கள் அணியின் யூனா, தான் அழைத்தால் வரும் துணைப் பூதமான ஏயான் ஒன்றை அழைத்து முன்னால் நிறுத்த வேண்டும், அடி அதன் மேல் போய்விடும். எப்படியும் ஏயானைச் செய்மோர் சீக்கிரமே விரட்டிவிடுவான், அதற்கு வருத்தப்பட வேண்டாம். மலை ஏறும்போதே ஏயான்களின் ஓவர்டிரைவ் என்ற சிறப்புத் தாக்குதல் அளவை நிரப்பிக்கொண்டு போனால், விரட்டுவதற்குள் ஒவ்வொன்றும் ஒரு பெரிய அடி கொடுத்துவிட்டுப் போகும். கவனம், யூனா விழுந்துவிட்டால் இந்தக் கணக்கு முழுக்கக் கவிழ்ந்துவிடும். அவர் ஹெச்.பி. பாதிக்குக் கீழே போக விடாதீர்கள்.

கே: போக்கிமான் கோல்டில் ஜிம் தலைவி விட்னியின் மில்டேங்க் என்ற போக்கிமான் என் மொத்த அணியையும் உருட்டித் தள்ளுகிறது.
– பத்தாம் வகுப்பு மாணவி, கானாடுகாத்தான்

ப: நிஜமாகவே உருட்டித்தான் தள்ளுகிறது, பாப்பா. அதன் உருளும் தாக்குதலான ரோல்அவுட் ஐந்து முறை தொடர்ந்து வரும், படும் ஒவ்வொரு தடவையும் அடுத்த அடி இரட்டிப்பாகும். முதல் அடி லேசாக இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட்டால் நான்காவதில் எழுந்திருக்க முடியாது. இரண்டாவது அடிக்குள் தூங்க வையுங்கள், தொடர் அறுந்துவிடும். இருட்டுக் குகையில் கிடைக்கும் ஜியோடூட் போக்கிமான் அந்த அடியைப் பாதியாகத்தான் வாங்கும். மில்டேங்க் எப்போதும் பெண்தான். ஆகவே உங்கள் போக்கிமானும் பெண்ணாக இருந்தால் எதிர்பாலை மட்டும் மயக்கும் அதன் அட்ராக்ட் பலிக்காது. விட்னி இருக்கும் அதே ஊர் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ட்ரௌஸி போக்கிமானைக் கொடுத்தால் சண்டை வகைப் போக்கிமானான மாச்சாப் தருவார்கள். மில்டேங்குக்குச் சண்டை வகை அடி இரட்டிப்பாக விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: எதற்கு இவ்வளவு யோசனை? லெவல் ஏற்றிக்கொண்டு போய் நாலு சாத்து சாத்தினால் முடிந்தது!
– வாசகர், புதுவயல்

ப: சில கேம்களில் முடியும். ஃபைனல் ஃபேன்டஸி 8-ல் உங்கள் லெவல் ஏற ஏற எதிரியின் லெவலும் ஏறும், அங்கே என்ன செய்வீர்கள்? நாக்டர்ன் என்ற கேமில் வரும் பாஸ் மாடடோரையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் காளைச் சண்டைக்காரன் சிவப்புத் துணியை வீசியதும் அவன் குறி தப்பாது, உங்கள் அடி படாது. அடி தப்பினால் உங்கள் பக்கத்தின் ஆட்ட முறைகளில் இரண்டு பறிபோகும். அங்கே சுகுகாஜா மந்திரம் போட்டு உங்கள் வேகத்தை ஏற்றிக்கொள்வதுதான் முதல் வேலை. அவனுடைய காற்று மந்திரம் ஏறாத துணைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் சின்ன எதிரிகளை அடித்துக் களைத்துப்போன பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் பாஸிடம் ஒரு முறை தோற்று, அவன் என்ன வரிசையில் அடிக்கிறான் என்று தாளில் எழுதிக்கொண்டு வந்தாலே பாதி ஜெயித்த மாதிரி.

கே: தம்பி, சாப்பிடக் கூப்பிட்டால் என் மகன், 'பாஸ் சண்டைம்மா, எழுந்தால் செத்துருவேன்' என்கிறான். பணியாரம் ஆறிப்போகிறது. அவன் சொல்வது நிஜமா?
– ஒரு தாய், பள்ளத்தூர்

ப: ஆச்சி, அது எந்த கேம் என்று கேளுங்கள். முதல் கேள்வியில் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 10 என்றால் தாராளமாக எழுந்து வரலாம். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டுவிட்டு அது காத்துக்கொண்டிருக்கும், பாஸ் கையைக்கூட அசைக்க மாட்டான். 1997-ல் வந்த ஏழாவது பாகத்தில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதிலும் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பட்டன் உண்டு. அதனால் சூடாக இருக்கும்போதே கூப்பிடுங்கள், வரலாம். கோபத்தில் ஸ்விட்சை மட்டும் அணைத்துவிடாதீர்கள். சண்டைக்கு நடுவே சேவ் செய்ய வழியில்லை. அணைத்தால் பையன் முந்தைய சேவிலிருந்து ஆரம்பித்து, சண்டைக்கு முன் வரும் நீளமான காட்சியையும் முழுக்க மறுபடி பார்த்தாக வேண்டும்.