ஜெனரேட்டரில் மின்சார காரை சார்ஜ் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் ஜெனரேட்டரைப் பொறுத்தது. 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டும் கார் சார்ஜர் 3 கிலோவாட் வரை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும், கடையில் லைட் எரிக்க வைத்திருக்கும் 2 கிலோவாட் ஜெனரேட்டர் திணறி டிரிப் ஆகிவிடும்; சீரான மின்சாரம் தரும் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் என்றால் நிம்மதி.

பலர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். ஜெனரேட்டர் நன்றாகத்தான் ஓடும், சார்ஜரில் மட்டும் சிவப்பு விளக்கு எரியும். சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது, சார்ஜர் எர்த்தே இல்லை என்று எடுத்துக்கொண்டு மறுத்துவிடும். ஜெனரேட்டர் வீட்டு வயரிங்கோடு சேராமல் தனியாக ஓடுவதென்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துக்கொள்ளலாம், நீங்களே கம்பியைச் சொருகாதீர்கள்.

அப்புறம் செலவு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 2 யூனிட்தான் தேறும், அதில் கார் 12, 13 கிலோமீட்டர் போகும். அதற்கு பெட்ரோல் காரே மேல்!